ஓமத்தண்ணீர்

கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்ற சொர்ணவல்லி, உள்ளே மேசையில் படுத்திருந்த கணவரின் இதய ரத்தக்குழாயைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒளியும் ஒலியும் விட்டபடி மெல்லிய கம்பி ஒன்று அதற்குள் ஊர்ந்தது. மருந்துநீர் பாய்ச்சி ரத்தத்தை விலக்கியபோது, ஒளியில் சுவர் வழவழவென்று தெரிந்தது.

"வெளிச்சம் மேலாகத்தாம்மா காட்டும்," என்றார் பக்கத்திலிருந்த இளம் மருத்துவர். "ஒலிதான் சுவருக்குப் பின்னாலயும் போகும். எவ்ளோ கொழுப்பு பாருங்க, பல வருஷத்துது. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னதே இல்லையா?"

மாடியேறி வந்ததும் கணவர் நெஞ்சைத் தடவுவார். வாயு என்று இவளே முடிவுகட்டி ஓமத்தண்ணீரை நீட்டுவாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அதை வாங்கிக் குடித்துவிடுவார்.

அவள் காதில் விழுவது தெரியாமல், உள்ளே கம்பியைச் செலுத்திக்கொண்டிருந்த மருத்துவரிடம் அவர் பேசுவது ஒலிபெருக்கியில் வந்தது.

"டாக்டர், என் வீட்டுக்காரி கேட்டா வாயுன்னே சொல்லிடுங்க."