சந்தனமா, வெள்ளையா

எதிர்வீட்டுப் பரஞ்சோதி புது ஜன்னல் மாட்டி நாலு நாளாகிறது. ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மூட எந்த நிற சிலிகான், அதன்மேல் ஒட்ட எந்த நிறப் பட்டை என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது மனுஷன் இத்தனை யோசிக்கவில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டார். அந்தப் பெண் சுடர்க்கொடி போன வாரம் இரண்டு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். அது தெருவுக்குத் தெரியக் கூடாதாம். அதற்குத்தான் மர ஜன்னலைப் பெயர்த்துவிட்டு, சத்தம் வெளியே போகாத ஜன்னல். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தெரியக் கூடாது என்று அவர் போட்ட சத்தத்தில்தான்.

இன்று காலை வேலைக்காரர் கெஞ்சியே விட்டார். "சார், சந்தனமா, வெள்ளையா? ஒண்ணச் சொல்லுங்க."

"எதுவா இருந்தாலும் இடுக்கு தெரியவே கூடாதுப்பா. மயிரிழைகூட."

ஒருவழியாக இரண்டுமே வெள்ளை. வேலைக்காரர் சிலிகானைப் பூசிக்கொண்டே வர, பரஞ்சோதி பின்னாலேயே விரலால் நீவிக்கொண்டு வந்தார். நான் துணி காயப்போடுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சுடர்க்கொடி வந்து அந்த ஜன்னலின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"பெரியம்மா, நாலு நாளா ஒரே துணியைக் காயப்போடுறீங்க. நான் அங்க திரும்பிப் போகப்போறதில்லை. இங்கதான் இருப்பேன். வேற என்ன தெரியணும்?"

தெரு முழுக்கக் கேட்டது. பரஞ்சோதி மட்டும் பெண் பக்கம் திரும்பாமல், ஈரம் காயுமுன் அந்த வெள்ளைக் கோட்டை நீவிக்கொண்டே இருந்தார்.