நியாமுந்தலி ஆற்றில் இறங்கினாள்

நியாமுந்தலி பாய்ச்சுருளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தபோது, ஊர்த்தலைவர் கும்வெண்டா ஞானஸ்நானத்துக்காகப் போதகரோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் பாட்டு பாதியில் நின்றது.

நேற்றுவரை அவள் அவருடைய இரண்டாவது மனைவி.

அவளுக்குப் பின்னால் மூத்தவள் நியாஸ்கம்போ வந்தாள். சோளமாவுக் களி கிண்டும் பானை ஒன்று அவள் தலையில் இருந்தது. இளையவளின் பானை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"முப்பது வருஷமா இவகூடத்தான் சண்ட போட்டேன். இனிமே நான் யார்கூடப் போடுறது?" என்று எங்களிடம் கேட்டாள்.

பாடகர் குழுவில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

எங்கள் கோயில் நிற்பது கும்வெண்டா கொடுத்த நிலத்தில். கூரைத் தகரம் அவர் மாடு விற்று வாங்கியது. ஆனால் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து நேரம் வந்ததும் அவர் எழுந்து வெளியே போய் மாமரத்தடியில் நிற்பார். இரண்டு மனைவிகள் உள்ளவருக்கு ஞானஸ்நானம் கிடையாது. ஒருத்தியை விலக்கிவிட்டு வர வேண்டும். அது திருச்சபைச் சட்டம்.

இந்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, சாவின் வாசல்வரை போய்த் திரும்பினார். எழுந்து நடக்க முடிந்த முதல் ஞாயிறே கோயிலுக்கு வந்து, ஆராதனைக்கு நடுவில், எல்லோருக்கும் முன்னால் போதகர் தவோங்காவிடம் கேட்டார். வேறு வழியே இல்லையா?

போதகர் பிரசங்க மேடையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். இல்லை என்றார். குரல் நடுங்கவில்லை.

அன்று ஆராதனை முடிந்தபின் கைகுலுக்க அவர் வாசலுக்கு வரவில்லை. எங்களில் பலருக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அவர் வராததே நல்லது என்று நினைத்தோம்.

கும்வெண்டா வீட்டுக்குப் போய், அப்படியானால் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நியாமுந்தலிதான் விடவில்லை. நீங்கள் கடைசிவரை வெளியே நிற்பதற்கா இத்தனை வருஷம் உங்களுக்கு ஆக்கிப் போட்டேன் என்று கேட்டாளாம். அவர் பதில் சொல்வதற்குள் பாயைச் சுருட்டத் தொடங்கிவிட்டாளாம்.

நகரத்திலிருந்து புதிதாக வந்திருந்த திருச்சபைக் கண்காணிப்பாளர், கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நியாமுந்தலி பாயை இறக்கி வைத்து, அவர் முன் முழங்காலிட்டு, உள்ளங்கைகளை மெல்லத் தட்டி வணக்கம் சொன்னாள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. சண்டை சச்சரவு இல்லாமல்தான் அனுப்பி வைத்தாரா அம்மா என்று இதமாகவே கேட்டார்.

"அவரு எங்க அனுப்பினாரு, ஐயா? நானாத்தான் கெளம்பி வந்தேன். இப்ப நான் யாருக்கும் ரெண்டாம் பொண்டாட்டி இல்ல. அதனால எனக்கும் குடுங்க."

ஞானஸ்நான வகுப்பில் அவள் உட்காராத வருஷம் இல்லை. ஒவ்வொரு முறையும் வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் ஆற்றுக்குப் போவார்கள். அவள் வீட்டுக்குப் போவாள். இதையெல்லாம் நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கண்காணிப்பாளரிடம் சொன்னோம்.

அவர் யோசித்தார். விலக்கப்பட்டவளுக்குச் சோறும் கூரையும் உறுதியாக இருக்க வேண்டும், அதுவும் சட்டத்தில் இருக்கிறது என்றார். கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றாள்.

அப்படியென்றால் இனி எங்கே இருப்பாய் என்றார்.

அவள் எழுந்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். கட்டியிருந்த துணியை இறுக்கிச் செருகிக்கொண்டு, அவருடைய அனுமதிக்குக் காத்திராமல் ஆற்றில் இறங்கினாள்.

முதலைகளை விரட்டக் கழிகளால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்த ஆண்கள் இருவரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நியாஸ்கம்போதான் அவர்களை அதட்டினாள். மறுபடி அடிக்கத் தொடங்கினார்கள்.

கும்வெண்டா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. போதகர் அவரை விட்டு விலகி இரண்டடி வந்து, கை நீட்டி அவளைப் பிடித்துக்கொண்டார்.

கண்காணிப்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அப்படியானால் இவளுக்கு யார் பொறுப்பு என்று கரையிலிருந்தே கேட்டார்.

"நான்தான், ஐயா," என்றார் தவோங்கா. "இன்னிக்கே எங்க வீட்டுக்கு வந்துருவாங்க."

கண்காணிப்பாளர் தண்ணீர் விளிம்புவரை வந்து, குரலைத் தாழ்த்திப் புத்தி சொன்னார். கைவிடப்பட்ட பெண்களையெல்லாம் ஒரு போதகர் தன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. அதுவும் கல்யாணமாகாத போதகர். ஊர் என்ன சொல்லும்?

தவோங்காவின் கை அதற்குள் அவள் பிடரியைத் தாங்கியிருந்தது. அவள் கண்களை மூடிக்கொண்டு தயாராக இருந்தாள்.

"ஊருக்குத் தெரியும், ஐயா. என்னைப் பெத்தது இவங்கதான்."

கண்காணிப்பாளர் எங்களைப் பார்த்தார். நாங்கள் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கினோம்.

தவோங்கா அவளைத் தண்ணீருக்குள் சாய்த்து, தூக்கி நிறுத்தினார். முகத்தில் வழிந்த நீரைத் தன் கையால் துடைத்துவிட்டார்.

பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.