பொட்டலத்துக்குச் சொந்தக்காரர்

"கொஞ்சம் அசையாம பிடிச்சுக்கோங்க சார். இதோட கழுத்துல ஏற்கெனவே ஒரு சிப் இருக்கு!"

நாயைக் கட்டிப் பிடித்திருந்தவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வெளிநாடு போகிற நாய்க்கு அடையாளச் சிப் கட்டாயம், அரிசி அளவுதான் இருக்கும், ஊசி போடுவதுபோலத் தோலுக்கடியில் போட்டுவிடலாம் என்றுதான் வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா கையிலிருந்த கருவியை மறுபடியும் நாயின் கழுத்தில் ஓட்டினார். மறுபடியும் 'பீப்' என்றது.

"நாங்க எதுவும் போடலையே டாக்டர்!"

"அப்போ உங்களுக்கு முன்னாடி யாரோ போட்டிருக்காங்க. யார்கிட்ட வாங்கினீங்க?"

"வாங்கலை டாக்டர். ரோட்டுல கண்டெடுத்தேன். ஒன்பது வருஷம் ஆச்சு."

அந்தக் கதையை எடுத்தால் அவனுக்கு ஊர் உலகம் மறந்துவிடும். அப்போது அவன் லிஃப்ட் மெக்கானிக் வேலைக்குப் புதிது. ஒரு வீட்டு மாடியில் லிஃப்டைப் பழுது பார்த்துவிட்டுத் திரும்பும்போது, சாக்கடையில் விழுந்து ஏற முடியாமல் கத்திக்கொண்டிருந்தது இந்தக் குட்டி. தூக்கித் தன் சட்டையைக் கழற்றிப் பொட்டலமாகச் சுற்றிக்கொண்டு, "உங்க நாயா, உங்க நாயா?" என்று அந்தத் தெரு முழுக்கக் கதவைத் தட்டினான்.

"மூணு வீட்டுல இல்லைன்னுட்டாங்க. நாலாவது வீட்டுக் கதவைத் திறந்தது இவதான்," என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியைக் காட்டினான். "'எங்களோடது இல்லீங்க. ஆனா எனக்கு நாய் வளர்க்கத் தெரியும். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க, குளிப்பாட்டச் சொல்லித் தரேன்'னா. நாற்பது ஞாயித்துக்கிழமை போனேன். நாற்பத்தோராவது ஞாயிறு எங்க கல்யாணம்!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அவன் மனைவி சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டலம்னு பேர் வச்சேன். ஒரு மாசம் அந்தப் பேருக்குத் திரும்பிக்கூடப் பார்க்கலை, அவ்வளவு திமிர். ஆனா முதல் நாளே இவ மடியில ஏறிப் படுத்துடுச்சு டாக்டர்! நல்ல மனுஷங்களை மோந்தே கண்டுபிடிச்சுடும். என் மாமியார்கூட இன்னைக்கும் என்னையும் பொட்டலத்தையும் சேர்த்துப் பார்த்தா வாய் விட்டுச் சிரிப்பாங்க. அவ்வளவு பிரியம்."

"எல்லாம் சரி சார். ஆனா சிப் யார் பேர்ல பதிவாகியிருக்கோ, அவங்க சம்மதிச்சாத்தான் உங்க பேருக்கு மாத்த முடியும். மாத்தினாத்தான் நான் பயணச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடலாம்."

"சம்மதிக்கலைன்னா?"

"சட்டப்படி நாய் அவங்களோடது."

அவன் நாயை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான். இன்னும் பத்து நாளில் விமானம். நாய் இல்லாமல் வரமாட்டேன் என்று புதுக் கம்பெனியிடம் ஒற்றைக்காலில் நின்று இரண்டு வாரம் தவணை வாங்கியிருந்தான். விமானத்தில் போகும் கூண்டுக்கு நாய் பழக வேண்டும் என்று அந்தக் கூண்டைக் கூடத்தின் நடுவில் வைத்து, உள்ளே தன் பழைய பனியனை விரித்து, தானே தலையை நுழைத்துப் படுத்தும் காட்டியிருந்தான். இப்போது முகம் தெரியாத யாரோ ஒருவர் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனால்?

"ஏங்க, வீட்டுக்குப் போயிடலாம். நாளைக்கு நான் மட்டும் வந்து பேசிக்கறேன்," என்று மனைவி மெல்ல எழுந்தாள். காலையிலும் இதே பாட்டுத்தான். 'நீங்க வேலைக்குப் போங்க, நாயை நான் கூட்டிட்டுப் போறேன்' என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"நீ பயப்படாத. நான் இருக்கேன்ல? டாக்டர், அவங்க நம்பரைக் குடுங்க. கால்ல விழுந்தாவது கேக்கறேன்."

"நம்பரை வெளிய தரமாட்டாங்க. சிப் பதிவு அலுவலகத்துல சொன்னா, அவங்களே சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் கேட்பாங்க."

டாக்டரம்மா மேசைத் தொலைபேசியில் சிப் எண்ணைச் சொன்னார். "ஆமாம், வெளிநாட்டுப் பயணம்தான். சரி, லைன்லயே இருக்கேன். கேட்டுச் சொல்லுங்க."

அவன் நாயின் காதைத் தடவிக்கொண்டே முணுமுணுத்தான். "பெரிய மனசு பண்ணச் சொல்லுங்க டாக்டர். இவன் இல்லாம எனக்குச் சோறு இறங்காது."

மனைவியின் கைப்பைக்குள் போன் அடித்தது. அவள் பதறிப்போய்ப் பைக்குள் கையை விட்டுத் துழாவி அதை நிறுத்தினாள்.

"உங்க அம்மாவாத்தான் இருக்கும். அப்புறம் பேசிக்கலாம் விடு," என்றான் அவன்.

"கட் பண்ணிட்டாங்களாம் சார்," என்றார் டாக்டரம்மா.

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பார்த்தீங்களா! தொலைஞ்ச நாயை ஒன்பது வருஷமாத் தேடாத ஆளு, போனை மட்டும் எடுப்பாங்களா? மறுபடியும் போடச் சொல்லுங்க. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

டாக்டரம்மா சொன்னார். அவன் ரிசீவரையே முறைத்துக்கொண்டிருந்தான்.

மறுபடியும் கைப்பை அடித்தது.

டாக்டரம்மா ரிசீவரைக் காதிலிருந்து மெதுவாக இறக்கினார். பொட்டலம் மேசையிலிருந்து குதித்துப் போய்ப் பையில் மூக்கை வைத்து வாலாட்டியது. அவன் பையைப் பார்த்தான், நாயைப் பார்த்தான், வாயைத் திறந்தபடி மனைவியைப் பார்த்தான்.

அவள் முகமெல்லாம் சிவந்து, பாதிச் சிரிப்பும் பாதி அழுகையுமாகச் சொன்னாள்: "பின்னே? சட்டைகூட இல்லாம, உடம்பெல்லாம் சேறா, அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னீங்க... 'ஆமா, எங்க நாய்தான்'னு சொல்லியிருந்தா, குடுத்துட்டுப் போயிருப்பீங்களே!"