அரைகுறையின் பதில்கள்

வேலையை விட்டுவிட்டு அவர் வாங்கிய இணையதளம் அது. சைக்கிள் ரிப்பேர் பற்றி ஆயிரக்கணக்கானோர் தினமும் எழுதிக்கொள்ளும் இடம், இரண்டே மாதத்தில் வெறிச்சோடிவிட்டது. காரணம் புரியாமல், விற்றவரின் பட்டறைக்கே போனார்.

“என்னெல்லாம் மாத்தினீங்க?” சக்கரத்தைக் கழற்றியபடியே விற்றவர் கேட்டார்.

“புது டிசைன் போட்டேன். வேகத்தைக் கூட்டினேன்.”

“யாரையாவது நீக்கினீங்களா?”

“ஒரே ஒருத்தனை. ‘அரைகுறை’ன்னு பேரு. பிரேக் கட்டைக்கு எண்ணெய் விடச் சொல்றான்! அந்த ஒரு பதிலுக்கே அவனைத் திட்டி இருபது பேர் எழுதியிருந்தாங்க.”

“அந்த இருபது பேர் இப்ப எழுதுறாங்களா?”

“இல்லைங்க, ஒருத்தரும் எழுதலை.”

“சந்தேகம்னு கேட்டா யாரும் அசைய மாட்டாங்க. தப்பா சொன்னாத்தான் திருத்த ஓடி வருவாங்க. பதினோரு வருஷமா நான்தாங்க அந்த அரைகுறை.”

விற்றவர் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு சீட்டில் அரைகுறையின் பாஸ்வேர்டை எழுதி நீட்டினார். “அவனை மறுபடி சேர்த்துடுங்க. இனிமே நீங்கதான் எழுதணும்.”

“ஐயோ, எனக்கு சைக்கிளைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்களே!”

“அதுதான் உங்களுக்கு வசதி. ஒவ்வொரு தப்புக்கும் நான் அரை மணி நேரம் யோசிச்சேன்.”