கப்பலேறிய அடுப்பு

“அந்த அடுப்பை எனக்குக் கொடுத்துட்டுப் போ. வேற எதுவும் நான் கேக்கலை” என்றாள் அக்கா.

“அது மட்டும் முடியாது அண்ணி” என்றாள் தம்பி மனைவி. அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது.

தம்பிக்கு வெளிநாட்டில் வேலை. குடும்பத்தோடு போகிறான், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்துக்கு மனசாரத் தூக்கிக் கொடுத்தவள், இந்தப் பழைய கேஸ் அடுப்பை மட்டும் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். கப்பலில் போகிற சாமானோடு அதுவும் போகவேண்டுமாம்.

அது அம்மா வாங்கிய அடுப்பு. மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்துக் கை ஓய்ந்திருந்த அம்மா, அது வந்த அன்றைக்குச் சின்னப் பிள்ளை மாதிரி பற்றவைப்பதும் அணைப்பதுமாக நின்றாள். மழைக்காலத்தில் அக்காவின் பள்ளிச் சீருடை காய்ந்தது அதன் பக்கத்தில்தான். அவள் முதன்முதலாகப் பால் காய்ச்சியதும், அது பொங்கி வழிந்ததும், திட்டப்போகிறாள் என்று பயந்து நின்றபோது அம்மா சிரித்ததும் அதன் முன்னால்தான். ஓரத்தில் அந்தக் கறுப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைத் தொட்டால் அம்மா பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அம்மாவாக மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

தம்பியும் மனைவியிடம் மன்றாடிப் பார்த்தான். அங்கே பார்த்திருக்கிற வீட்டில் அடுப்பு இருக்கிறது, கண்ணாடி மாதிரி வழவழவென்று, விரலை வைத்தால் போதும் என்றான். அந்த அடுப்பு இருந்ததாலேயே அந்த வீடே வேண்டாம் என்றுவிட்டாள். அடுத்துப் பார்த்த வீட்டுக்கும் அதே கதி. கடைசியில் கேஸ் அடுப்பு வைக்க வசதியுள்ள ஓட்டை வீடு ஒன்று அமைந்தது. அடுப்புக்கு அங்கே கேஸ் பொருந்துமா என்று வேறு கவலை. பர்னருக்குக் கேஸ் விடுகிற ஜெட்டை மாற்றினால் எரியும் என்று கேஸ்காரர் சொன்னதும்தான் அவள் முகத்தில் சிரிப்பே வந்தது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டால் ஒரே பதில்தான். “எனக்கு இதுல சமைச்சாத்தான் கை வருது.”

யாரும் நம்பவில்லை. அவள் எதில் சமைத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று அந்த வீட்டில் ஒரு கேலி உண்டு.

அக்காவுக்கு அவள்மேல் இன்னொரு மனத்தாங்கலும் இருந்தது. காலை டீ.

அப்பா பஸ் ஓட்டியவர். முதல் பஸ்ஸை எடுக்கப் போகுமுன் தானே டீ போட்டுக் குடித்துவிட்டு, அம்மாவுக்கு ஒரு டம்ளர் மூடிவைத்துவிட்டுப் போவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலையை விடவில்லை. இப்போது வீட்டுக்கே அவர்தான் டீ போடுகிறார். “இந்த ஒரு வேலை என் கையில இருக்கற வரைக்கும்தான் நானும் இந்த வீட்டுல ஒரு ஆளு. அதுவும் போச்சுன்னா மூலையில கிடக்கற சாமான்தான்” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதற்காக மாமனார் டீயோடு வந்து கதவைத் தட்டும்வரை மருமகள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதா?

“அடுப்பை எதுக்குத் தூக்கிட்டுப் போறாள்னு இப்பத்தான் தெரியுது. அங்கேயும் எங்கப்பாவை டீ மாஸ்டரா வெச்சுக்கத்தான்” என்று சொந்தத்தில் ஒருவர் விடாமல் சொல்லி ஆற்றிக்கொண்டாள் அக்கா.

அடுத்த வருஷம் அப்பாவைப் பார்க்க அக்கா அங்கே போனாள். புது இடம், தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் அடுக்களையில் பாத்திரச் சத்தம். தம்பியின் குறட்டை வாசல்வரை கேட்டது. மகாராணியும் தூங்குகிறாள் போல, இன்றைக்கு நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று எழுந்து வந்தாள்.

மகாராணி அடுக்களைக்குள் நின்றிருந்தாள். வெறுங்காலோடு, அப்பாவுக்கு இரண்டடி பின்னால், கையில் ஈரத்துணியோடு, மூச்சுக்கூட விடாமல். அக்காவைப் பார்த்ததும் பேசாதே என்று உதட்டில் விரல் வைத்தாள்.

ஜன்னலில் வெளிச்சம் நன்றாகவே வந்திருந்தது. அப்பா அடுப்பின் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய், மூன்றாவதைத் திருகினார். உள்ளங்கையை மேலே பிடித்துத் தீ பிடித்துவிட்டதா என்று பார்த்தார். பால் பொங்குகிற சத்தத்துக்குக் காதைச் சாய்த்துக் காத்திருந்தார். டம்ளருக்குள் விரல் நுனியை விட்டு அளவு பார்த்து டீயை ஊற்றினார். ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

மருமகளின் கண் அவர் சட்டைக் கையையும் தீயையும் விட்டு அகலவில்லை.

வழவழவென்ற கண்ணாடி அடுப்பில் தடவிப் பார்க்க என்ன இருக்கிறது? ஊரெல்லாம் தான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்து, கூசிப்போய் நின்றாள் அக்கா.

அப்பா அடுப்பை அணைத்துவிட்டு, தட்டில் டம்ளர்களை ஏந்தித் திரும்பினார். எதிரே மகள், மருமகள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். மருமகள் அக்காவின் கையைப் பிடித்துச் சுவரோடு சுவராக இழுத்துக்கொண்டு வழிவிட்டாள்.

“இன்னும் ஒருத்தரும் எழுந்திருக்கலை” என்று அப்பா பெருமையாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார்.

அவருக்கு முன்னால் நுனிக்காலில் ஓடிப் படுக்கையறைக்குள் புகுந்துகொண்டாள் மருமகள்.

அப்பா கதவைத் தட்டினார். “டீ ரெடிம்மா.”

உள்ளேயிருந்து நீளமாக ஒரு கொட்டாவி. அதைத் தொடர்ந்து குரல் வந்தது.

“அதுக்குள்ள விடிஞ்சிருச்சா மாமா? இப்பத்தான் கண்ணே முழிச்சேன்.”