நைனா மாதிரி

காலில் ஆறாத புண்ணோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வல்லரசுக்கு, பார்க்க வந்த தம்பி பகலவனைக் கண்டதும் வயிறு எரிந்தது. பக்கத்துக் கட்டில்காரரும் அவர்கள் ஊரான நெட்டுக்குப்பம்தான். சும்மா இருக்கவில்லை.

"பகலவன் மூக்கு, நடை எல்லாம் அப்டியே நைனாதான்!"

நாற்பது வருஷமாக இதே பேச்சு.

"பெனிசிலின் ஊசி எனுக்குந்தான் ஆவாது. அது நைனா வழியா வர்ற அலர்ஜி, தெர்தா?" என்றான் வல்லரசு வீம்பாக.

அப்போது டாக்டரம்மா வந்தார். "டெஸ்ட் பண்ணிட்டோம். உங்களுக்கு அந்த அலர்ஜியே இல்லை. இருக்குன்னு யார் சொன்னது?"

வல்லரசு, கட்டிலருகே நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தாம்மா சொன்னேன். இவன் என் மொத புருசனோட புள்ள. சின்னதுல தம்பிக்கு ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சிப்போச்சு. அவனப் பெத்த நைனாவுக்கும் அப்டித்தான் ஆவும். 'எனுக்கு மட்டும் ஏன் வரல'ன்னு இவன் ஒரே அழுகை. அப்ப அவருதான் சொன்னாரு, 'எங்க போனாலும் பெரியவனுக்கும் ஆவாதுன்னே சொல்லு கன்னிம்மா. நான் குடுத்ததுன்னு அவனுக்கும் ஒண்ணு இருக்கட்டும்'னு."