வேலியோரத்து மைக்

"மைக்கோட ஒருத்தர் வந்திருக்காரு. திரும்பிப் பார்க்காதே!" என்று பாட்டுக்கு நடுவிலேயே தன் கூட்டாளி ஐவர் என்பவனின் காதைக் கடித்தாள் மாவிஸ்.

கான்செர்ட்டினா என்கிற கைத்துருத்திப் பெட்டியை வாசித்துக்கொண்டிருந்த ஐவர் உடனே திரும்பிப் பார்த்தான். கூடாரத்துக்கு வெளியே, வேலியோரமாக, மழைக்கோட்டு போட்ட ஒரு மனிதர். கையில் சின்னதாக ஒரு கருவி, அதன் நுனியில் கறுப்புப் பஞ்சு உருண்டை.

மாவிஸுக்குக் கை கால் ஓடவில்லை. இங்கிலாந்தின் நார்த்தம்பர்லாந்தில் நடக்கும் இந்த நாட்டுப்பாடல் விழாவில் 'எல்லாரும் பாடலாம் வாங்க' பட்டறையைப் பதினாலு வருஷமாக நடத்துகிறவள் அவள்தான். அடுத்த வருஷம் இந்தக் கூடாரம் யுகுலேலி என்கிற குட்டி கிட்டார் வாசிக்கிற கோஷ்டிக்கு என்று விழாக் கமிட்டித் தலைவர் ரூபர்ட் இன்று காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தார். அழுகையை அடக்கிக்கொண்டுதான் அவள் பாடவே வந்தாள்.

"பாட்டு சேகரிக்கிறவருடா! ஆவணக் காப்பகத்து ஆளு. நம்ம பாட்டு மட்டும் அங்க பதிவாயிடட்டும், அப்புறம் ரூபர்ட் நம்ம கூடாரத்துல கை வைக்கிறதைப் பார்க்கிறேன்!"

"அப்ப உள்ள வராம ஏன் வேலிக்கு அந்தப்புறம் இருக்கிற வீடுங்க பக்கமா நிக்கிறாரு?"

"உனக்கென்ன தெரியும்? கிட்ட வந்தா பாடுறவங்க உஷாராயிடுவாங்க, இயல்பு கெட்டுடும். பெரிய சேகரிப்பாளருங்க எல்லாம் ஒளிஞ்சு நின்னுதான் கேட்பாங்க."

கூடாரத்தில் அறுபது பேர் இருந்தார்கள். முக்கால்வாசி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஆனால் இடுப்பில் பியர்க் குவளை தொங்க, ஒற்றைக் காதில் விரலை வைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து கடலில் வலை இழுத்தவர்கள் மாதிரி பாடினார்கள்.

"இங்க தப்பான குரல்னு ஒண்ணு கிடையவே கிடையாது, கண்ணுங்களா!" என்று வழக்கம்போல அறிவித்த மாவிஸ், சுருதி விலகிப் பாடிய பல் டாக்டரை மட்டும் கடைசி வரிசைக்குத் துரத்தினாள். "அடுத்தது 'இழுடா வலையை'! பல்லவியில அத்தனை பேரும் சேரணும். முணுமுணுத்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

கூடாரத் துணி அதிர்ந்தது. வேலியோரத்து மனிதர் கருவியைப் பார்த்தார், நோட்டில் எதையோ எழுதினார், மறுபடியும் கருவியைப் பார்த்தார்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஐவர் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "பாட்டு வரி ஒண்ணையும் காணோம் மாவிஸ். வெறும் நம்பரா எழுதி வெச்சிருக்காரு. அறுபத்தெட்டு, எழுபத்தஞ்சுன்னு."

அவன் கையை நறுக்கென்று கிள்ளினாள் மாவிஸ். "மடையா, அதெல்லாம் பாட்டுப் பட்டியல் எண்! விஷயம் தெரிஞ்சவங்க என்னிக்குப் பாட்டைப் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க? முதல்ல பாடின 'ஊசிக்காரி' அறுபத்தெட்டாத்தான் இருக்கும். இது எழுபத்தஞ்சு. மொத்தப் பட்டியலும் அந்த மனுஷனுக்கு மனப்பாடம்!"

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த கூடாரத்தில் பைக்குழல் ஊதிக்கொண்டிருந்த நாலு பேரையும், டிரம் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் கையோடு இழுத்து வந்தாள். மரச்செருப்பைத் தட்டித் தட்டி ஆடுகிற நடனக்காரிகளைப் பலகைமேல் ஏற்றிவிட்டாள். "காப்பகத்துக் கட்டடமே கிடுகிடுக்கணும்!" என்று கத்தியதில் அவள் தொண்டையே கட்டிக்கொண்டது.

மனிதர் நோட்டில் எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் போட்டார். அதைப் பார்த்த மாவிஸ் கடைசிப் பல்லவியை இன்னும் மூன்று தடவை பாட வைத்தாள்.

பாட்டு முடிந்ததும் அவர் நேராகக் கூடாரத்துக்குள் வந்தார். பின்னாலேயே ரூபர்ட் மூச்சிரைக்க ஓடி வந்தார், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. 'வேணும்யா உனக்கு! யுகுலேலியா கேக்குது?' என்று மனசுக்குள் கொக்கரித்தாள் மாவிஸ்.

"இதுக்குப் பொறுப்பு யாருங்க?" என்று கேட்டார் வந்தவர்.

"நான்தான் சார், நானேதான்! இவங்க எல்லாம் சும்மா கூடப் பாடுறவங்க. பேரு மாவிஸ் ஹெப்பிள். எழுதும்போது ரெண்டு 'பி' போடணும், விட்டுடாதீங்க."

அவர் பேரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு ஒரு படிவத்தை நீட்டினார். ரூபர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரைக் கையமர்த்திவிட்டு, ஒரு வரி படிக்காமல் சுழித்துக் கையெழுத்துப் போட்டாள் மாவிஸ். பதினாலு வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கண்டதில்லை, கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

"எப்ப சார் வெளிய வரும்?"

"இப்பவே எல்லாரும் வெளிய வந்தாகணும்மா. நான் கவுன்சில்ல சத்தப் புகார் பிரிவு."